சிவப்பு வட்டத்துக்குள் ஒரு ஒயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. அம்மா போனில் மறுபடியும் கேட்டாள், "அந்தப் படிப்பு பேரு என்னன்னு சொன்ன?" உளவும் தேசப் பாதுகாப்பும் என்று மூன்றாவது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் துணி தேய்க்கிற ஓட்டல் சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் போலீஸ் படிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறாள். போலீஸ் இல்லைம்மா என்றால், "அவங்களுக்கும் மேலயா?" என்று சந்தோஷப்படுகிறாள். பக்கத்து அறையில் நின்று ஒட்டுக்கேட்கிற வேலைக்குத்தான் மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று சொன்னால் முகம் எப்படிப் போகும்? சொல்லவில்லை.

இந்தப் பருவத்தில் புதுப் பாடம்: கள அறிக்கை. நடத்துபவர் மீசை. அவருக்கு மீசையே கிடையாது. பேச ஆரம்பிக்கும் முன் மேலுதட்டைத் தடவுவார், அதனால் வந்த பெயர். பாதி ஆயுளை உளவுத் துறையில் கழித்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். இன்றைய பாடம்: ஆளை நேராகப் பார்க்காதே. கடைக் கண்ணாடி, ஜன்னல், அணைந்து கிடக்கும் டீவி, எதில் தெரிகிறதோ அதில் பார். வகுப்பு முடியும் வரை ஒருவரை ஒருவர் ஜன்னலில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 9, சனி

விடுதி லிப்ட் மறுபடியும் மக்கர். வார்டன் எங்கெங்கோ போன் போட்டு அலுத்துப்போன நேரத்தில் சுருட்டையின் அண்ணன் வந்து சேர்ந்தார். சுருட்டை என் அறைத்தோழி, மருந்தியல் படிக்கிறாள். அவள் தலைமுடி சீப்புக்கு அடங்காது. அண்ணன் லிப்ட் மெக்கானிக். சனிக்கிழமை தவறாமல் தங்கைக்கு எதையாவது வாங்கிவந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து, அவள் படிப்பைப் பற்றிப் புரியாமலே விசாரித்துவிட்டுப் போவார்.

பையைக் கீழே வைத்தார். லிப்டின் கன்ட்ரோல் போர்டைத் திறந்தார். கை வைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்தார். பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். கொஞ்ச நேரத்தில் லிப்ட் ஓடியது. மூடும் முன் இன்னொரு படம். வார்டன் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் எங்களுக்கு ஒரு தடவை கிடைக்காத மரியாதை.

நான் பாடத்தைப் பழகிப் பார்த்தேன். வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. முதுகைக் காட்டி நின்றபடி அவரை முழுக்கப் பார்த்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மீசை பயிற்சி கொடுத்தார். ஒரு சாதாரண மனிதரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரைப் பற்றி இரண்டு தாள். கறுப்புத் தாளில், ஒரு பொய்கூட இல்லாமல், படிப்பவருக்குச் சந்தேகம் வரும்படி எழுத வேண்டும். வெள்ளைத் தாளில், அதே விவரங்களை வைத்து, சந்தேகம் போகும்படி. கறுப்பு செப்டம்பரில், வெள்ளை நவம்பரில். பெயர் எழுதக் கூடாது, மற்றதெல்லாம் எழுதலாம்.

"ஒரே ஆளு, ஒரே விவரம்," என்றார். "ரெண்டையும் எழுதத் தெரிஞ்சவன்தான் இந்த வேலைக்கு வரணும்."

நல்ல பயிற்சி. எனக்கு ஆள் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 6, சனி

கறுப்புத் தாள் கிட்டத்தட்ட முடிந்தது. எழுத எழுத ருசிக்கிறது. அரசுக் கட்டடங்களுக்குள் அடையாள அட்டை காட்டாமலே போய்வருகிறார் (காவலாளிகளுக்கு அவரைத் தெரியும்). பல கட்டடங்களின் சாவி அவர் பையில். நேரம் காலம் இல்லாமல் வெளியே போகிறார். இரண்டு போன். கட்டடங்களின் உட்புறப் படங்களை எடுத்து இன்னொருவருக்கு அனுப்புகிறார்.

அந்த இன்னொருவர் சுருட்டைதான். அவர் போனில் இடமில்லை, அதனால் தங்கையிடம் அனுப்பி வைத்துக்கொள்கிறார். போன வாரம் அவள் எனக்குக் காட்டிச் சிரித்தாள். "எல்லா அண்ணனும் தங்கச்சிக்கு என்னென்னவோ அனுப்புவாங்க. எனக்கு வர்றது எல்லாம் ஒயர்." வகுப்புக்கு வேண்டும், ஒன்று அனுப்பு என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, அனுப்பிவிட்டாள். மின்வாரியக் கட்டுப்பாட்டுக் கட்டடத்தின் லிப்ட் போர்டு. ரொம்பப் பழைய மாடல்.

அச்செடுத்துப் பார்த்தேன். எல்லா ஒயரும் கட்டுக்கட்டாகப் போகின்றன. ஒன்று மட்டும் தனியே பிரிந்து ஒரு மூலைக்குப் போகிறது. அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது, எனக்குத் தெரியாது. தெரியாததை வட்டம் போடு, விளக்காதே, மீதியைப் படிப்பவரின் பயம் பார்த்துக்கொள்ளும் என்பார் மீசை. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டேன். இணைப்பு மூன்று. அச்செடுத்த தாள் இந்த நாட்குறிப்பில் பக்கம் மறக்காமலிருக்கக் கிடக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

நெட்டை என் வகுப்பு. உயரத்துக்கு ஏற்ற சோம்பல். நாளை மறுநாள் தாள் கொடுக்க வேண்டும், அவனுக்கு இன்னும் ஆளே அமையவில்லையாம். "உன் ஆளையே எனக்கும் குடு. வேற மாதிரி எழுதிக்கறேன்." குறிப்புகளைக் கொடுத்தேன். டீ வாங்கித் தந்தான். போகட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

என் கறுப்புத் தாள்தான் முதலிடம். மீசை வகுப்பில் வாசித்தார். சிவப்பு வட்டம் வந்ததும் நிறுத்தி, இல்லாத மீசையைத் தடவி, "இந்த இடத்துல எனக்கே கொஞ்சம் பயம் வந்துச்சு" என்றார். காது வரை சிரிப்பு எனக்கு. நெட்டையின் தாளையும் பாராட்டினார். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஆளைக் கவனித்திருக்கிறீர்கள், நல்ல கண் என்றார். நெட்டை என்னைப் பார்த்தான், நான் மேஜையைப் பார்த்தேன். அப்போதே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாராட்டைப் பாதியாக்கிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

வெள்ளைத் தாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது எழுத? ஒருவன் லிப்ட் ரிப்பேர் செய்கிறான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மின்வாரியக் கட்டுப்பாட்டுக் கட்டடத்தில் தீ. ஊரில் பாதி இருட்டு. உள்ளே வேலையில் இருந்த இருவர் இறந்துவிட்டார்கள். சதி என்று செய்தியில் சொல்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வகுப்பு இல்லை. உளவுத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து மீசையின் அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போகும்போது ஒருவர் கையில் அட்டைப்பெட்டி. எங்கள் தாள்கள் எல்லாம் துறையின் காப்பகத்துக்குச் சொந்தம் என்று முதல் வருஷமே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ரகசியம் காப்பேன் என்றும் அதிலேயே உண்டு. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

சுருட்டையின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வகுப்பு முடிந்து வந்தேன். ஒரு காலில் செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேலை நடக்கும் இடத்துக்கே வந்து வண்டியில் ஏற்றினார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் இருந்தா என்னையும் கேப்பாங்க இல்ல?" நான் தலையை ஆட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே, கண்ணாடி ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

அக்டோபர் 21, செவ்வாய்

நான்தான். வேற யாரு? நான்தான்.

அக்டோபர் 23, வியாழன்

மீசையைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"பயிற்சிக்கு எழுதினது சார் அது."

"அதுல பொய் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்பறம் நான் போய் என்னன்னு சொல்றது?"

கேட்டார்கள், கொடுத்தேன், துறை கேட்டு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றார். கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் இல்லை. வெள்ளைத் தாளை உடனே எழுது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

நெட்டைக்குக் கொடுத்த குறிப்புகளைப் பற்றியும் சொன்னேன். அவர் மேலுதட்டில் இருந்த விரல் அப்படியே நின்றது. "ரெண்டும் ஒண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவங்க அவனைத் தூக்கினதே ரெண்டு பேர் சொன்னதாலதான்" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

சுருட்டையின் அம்மா வந்துவிட்டார். எங்கள் அறையில்தான் தங்கல், வார்டன் கண்டும் காணாமல் விட்டாள். என் கட்டிலைக் கொடுத்தேன். போர்வையையும் கொடுத்தேன். ஒவ்வொரு காரியாலயமாக அலைந்துவிட்டு வந்து காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வாசலிலும் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்கிறார்களாம்.

என் தலையைத் தடவினார். "நீ போலீஸ் படிப்புதானம்மா படிக்கிற? உனக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. சாப்டானான்னு கேளு."

கேக்கறேன்மா என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நவம்பர் 3, திங்கள்

வெள்ளைத் தாள் எழுதியாகிவிட்டது. காவலாளிகளுக்கு அவரைத் தெரியும், ஏனென்றால் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்தவர். சாவி இருக்கிறது, ஏனென்றால் அவரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். நேரம் காலம் இல்லை, ஏனென்றால் லிப்ட் நேரம் பார்த்து நிற்பதில்லை. இரண்டாவது போன் கம்பெனி கொடுத்தது. கை வைக்கும் முன் படம் எடுக்கிறார், ஏனென்றால் கழற்றிய ஒயரைக் கழற்றிய இடத்திலேயே மாட்ட வேண்டும் என்று கவலைப்படுகிற ஆள்.

வட்டம் போட்ட ஒயரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இப்போதும் எனக்குத் தெரியாது.

கறுப்புக்கு ஒரு வாரம் ஆனது. இதை ஒரே மூச்சில் எழுதினேன், நடுவில் அழுகை. அப்போதே எழுதியிருந்தால்—

மீசை வாங்கிக்கொண்டார். அவரே கொண்டுபோனார்.

நவம்பர் 12, புதன்

துறையிலிருந்து அழைப்பு. நானும் ஒரு நாள் இந்த வாசலில் நுழைவேன் என்று இரண்டு வருஷமாகக் கனவு கண்ட கட்டடம். உள்ளே பள்ளிக்கூட அலுவலகம் மாதிரி இருக்கிறது. பச்சைப் பீரோ, தேய்ந்த நாற்காலி. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, அத்தை வயது, பேச்சில் வெண்ணெய்.

"உக்காரும்மா. நீ எழுதறது ரொம்ப நல்லா இருக்கு."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு எண், அதற்கு எதிரே மூன்று என்று இருந்தது. சுருட்டையின் அண்ணனைப் பற்றி இதுவரை வந்த அறிக்கைகள். என் கறுப்பு, நெட்டையின் கறுப்பு, என் வெள்ளை. வெள்ளைத் தாளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது.

முதல் இரண்டும் ஒன்றுதான், அவன் என்னைப் பார்த்து எழுதியது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நெட்டை, தானே தெருவில் நேரில் பார்த்ததாக எழுத்தில் கொடுத்துவிட்டானாம். என் வெள்ளைத் தாளை விரலால் தட்டினார்.

"ரெண்டு எதிரா வந்துச்சு. தீ பிடிச்சதுக்கு அப்பறம் ஒண்ணு ஆதரவா வருது. அதை எழுதினவங்களுக்கு அந்த ஆளு என்ன உறவுன்னு நாங்க பாக்கணும் இல்லியா?"

வெளியே வரும்போது வாசல் காவலர் வணக்கம் வைத்தார்.

நவம்பர் 13, வியாழன்

சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

நெட்டை என்னைத் தவிர்க்கிறான். நூலகப் படியில் மடக்கினேன். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எழுதிக் குடுத்துட்டேன். படிப்பு முடிஞ்சதும் வேலைக்கு எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா எனக்கு எதிர்காலம் இருக்கா? எங்க வீட்டப் பத்தி உனக்கே தெரியும்." 

தெரியும். அவன் அப்பா படுத்த படுக்கை. அதற்காக நீ பார்க்காததைப் பார்த்தேன் என்பாயா என்றேன். "நீ மட்டும் தெரிஞ்சா வட்டம் போட்ட?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு இதை நானே நம்ப மாட்டேன்.

சுருட்டையின் அம்மா ஒரு பழைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். மகன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டுகிறார், தங்கை கிண்டல் செய்கிறாள். இன்று அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் வலது கையில். கடிகாரம் இடது கையில்.

என் கறுப்புத் தாளில் என்ன எழுதினேன்? இடக்கையர், கடிகாரம் வலது கையில், பை இடது தோளில். கண்ணாடியில் பார்த்தேனே! வரவேற்பறைக் கண்ணாடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய உளவாளி மாதிரி. வலம் இடமாகத் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. முதலிடம் கொடுத்த மீசைக்கும் தோன்றவில்லை.

நெட்டையின் தாளிலும் இடக்கையர்தான். தெருவில் நேருக்கு நேர் பார்த்தவனுக்கு எப்படி ஒரு மனிதன் இடக்கையனாகத் தெரிவான்?

இதைச் சொன்னால் அவர் வெளியே வரலாம். சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதலில் இந்த அறையில்.

நவம்பர் 25, செவ்வாய்

சொல்லிட்டேன்.

எப்படிச் சொன்னேன்னு தெரியல. ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்திருந்தாங்க, நான் தரையில. நான்தான் எழுதினேன்னு சொன்னேன். படிப்புக்குன்னு சொன்னேன். நல்ல மார்க் வந்துச்சுன்னுகூடச் சொல்லித் தொலைச்சேன், ஏன் சொன்னேன்?

சுருட்டை கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்தப் படம் நான் அனுப்புனதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நானும் சேந்துதான் பண்ணிருக்கேன்." இல்லை இல்லை என்று அவள் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

அவள் அம்மா எழுந்தார். என் போர்வையை நாலாக மடித்து என் கட்டில்மேல் வைத்தார். பிறகு தன் சேலையை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 28, வெள்ளி

சுருட்டை வீட்டார் பிடித்திருக்கும் வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் கறுப்பிலும் நெட்டையின் கறுப்பிலும் ஒரே கண்ணாடிப் பிழை இருப்பதைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இது போதும், ஆனால் நீ நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார். ரகசியப் பத்திரத்தை மீறியதாகும், படிப்பு போகும், உன் மேலேயே வழக்கு வந்தாலும் வரலாம், யோசித்துச் சொல் என்றார்.

யோசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இன்னும் ஒரு பருவம்தான், பட்டம் கைக்கு வந்தபின் சொன்னால் என்ன என்று. அவர் உள்ளே, நான் பேருந்து நிறுத்தத்தில்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"அந்தப் பையன் உள்ள கெடக்கான். நீ என்னத்தடி யோசிக்கற?"

"படிப்பு போயிடும்மா."

"போவட்டும். இங்க எல்லார்கிட்டயும் இனிமே நான் என்னன்னு சொல்றதுன்னு மட்டும் சொல்லிக்குடு."

டிசம்பர் 10, புதன்

சாட்சி சொல்கிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். படிப்பிலிருந்து நீக்கம். லேப்டாப், போன், பென்டிரைவ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். வேறு பிரதி எதுவும் என்னிடம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். மீசை வாசல் வரை வந்தார். மேலுதட்டைத் தடவினார், அதோடு உள்ளே போனார். அவரும் இந்தப் பருவத்தோடு நின்றுகொள்கிறாராம்.

அறையைக் காலி செய்தேன். சுருட்டை அந்த நேரம் பார்த்து ஆய்வகத்துக்குப் போயிருந்தாள். அவள் போயிருந்தது நல்லதுதான்.

ஜனவரி 21, புதன்

மூடிய அறையில் விசாரணை. வக்கீலம்மா நெட்டையிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். எங்கே பார்த்தீர்கள்? தெருவில். எதிரே வந்தாரா? ஆமாம். எந்தக் கையில் கடிகாரம்? வலது. எந்தக் கையால் வேலை செய்வார்? இடது. நன்றாக நினைவிருக்கிறதா? நன்றாக.

பிறகு தாழ்ப்பாள் வீடியோவைப் போட்டார்கள். நெட்டையின் காது சிவந்தது. பாவமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

என் முறை வந்தது. கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த மனிதரிடம் நீங்கள் ஒரு முறையாவது பேசியிருக்கிறீர்களா? டீ எடுத்துக்கோங்கண்ணா என்று ஒரு தடவை சொன்னதாக ஞாபகம். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

விட்டுவிட்டார்கள்.

நான் எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்றிருந்தேன். பெரிய கதவில் சின்னக் கதவு திறந்தது. அவர் அம்மாதான் முதலில் ஓடினார். அண்ணன் பாதி ஆளாகியிருந்தார். வலது கை கயிறு கட்டி மார்போடு தொங்கியது. மணிக்கட்டு உடைந்து, பார்ப்பாரில்லாமல், கோணலாகவே சேர்ந்துவிட்டதாம். யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். இடது கையால் வாங்கினார்.

இடக்கையர். என் அறிக்கை உண்மையாகிவிட்டது.

இந்தத் தடவை நேராகத்தான் பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 2, திங்கள்

சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா தேய்ப்பாள், நான் மடிப்பேன். படுக்கை விரிப்புக்கு நாலு மடிப்பு, துண்டுக்கு மூன்று. எல்லோரிடமும் அம்மா, "படிப்பு பிடிக்கலன்னு வந்துட்டா" என்று சொல்லியிருக்கிறாள். பொய் அவளுக்கு வராது, சொல்லும்போது இஸ்திரிப்பெட்டியைப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாட்குறிப்பைப் புரட்டியபோது அந்த அச்சுத்தாள் விழுந்தது. ஒயர்கள், சிவப்பு வட்டம். பிரதி இல்லை என்று கையெழுத்துப் போட்டேனே, இது இருந்ததே மறந்துவிட்டது. கிழிக்கத்தான் எடுத்தேன். முடியவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

மே 12, செவ்வாய்

தீ விபத்து அறிக்கை வெளிவந்திருக்கிறது. பழைய கேபிள் சூடேறிப் பற்றியதாம். உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, கட்டை விரல் அளவு செய்தி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப யாரும் பண்ணலயா?" என்றாள். யாரும் பண்ணவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

சுருட்டையிடமிருந்து செய்தி. அவள் பழைய எண்தான், புதுப் போனிலும் போட்டு வைத்திருந்தேன். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை. இவ்வளவுதான்:

"அண்ணன் கேக்கச் சொன்னான். அந்த போர்டு படம் உங்கிட்ட இருக்கா? நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அவன் போன் திரும்ப வரல."

பின்னாலேயே இன்னொரு செய்தியில் காரணம் வந்தது: ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் நின்றுவிட்டதாம். அதே கம்பெனி, மின்வாரியக் கட்டடத்தில் இருந்த அதே பழைய போர்டு. வரைபடம் யாரிடமும் இல்லை. அவருக்கு இப்போது ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வராது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த ஒயர் எங்கே என்று சொல்வாராம், இன்னொரு மெக்கானிக் மாட்டுவாராம். அரசுக் கட்டடங்களில் விட மாட்டார்கள், இந்த மாதிரி இடங்களில் கிடைக்கிற வேலை. அன்றைக்குக் கழற்றியதில் சிலது மறந்துவிட்டது, படம் இருந்தால் போதும் என்றாராம்.

பிரதி இல்லை என்று நான் போட்ட கையெழுத்து துறையில் இருக்கிறது. அனுப்பினால் அதுவும் ஒரு குற்றம். மடித்துக்கொண்டிருந்த துண்டை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வட்டத்தை அழிக்க வழியில்லை, பேனாவால் போட்டது. மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். மன்னித்துக்கொள் என்று அடித்தேன், அழித்தேன். படம் மட்டும் போனது.

ஜூன் 10, புதன்

மதியம் சாப்பாட்டு வேளையில் பதில் வந்தது. சுருட்டையின் எண்ணிலிருந்துதான், ஆனால் எழுதியது அவர். இடது கையால் அடித்திருக்க வேண்டும், நிறைய இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. சரிசெய்து எழுதி வைக்கிறேன்:

"படம் வந்துச்சும்மா. லிப்ட் ஓடுது. நீ வட்டம் போட்ட ஒயர் மணிக்குப் போறது. உள்ள மாட்டிக்கிட்டவங்க வெளிய இருக்கறவங்களக் கூப்பிட அழுத்தற மணி. என்ன வச்சிருந்த எடத்துலயும் தெனம் அந்த வட்டத்தக் காட்டித்தான் கேட்டாங்க. அவங்ககிட்டயும் இதத்தான் சொன்னேன்."